மறுகா

முகாமையாளர் கதிரை ஒரு காலில் ஆடும்.
கல்முனை டிப்போவுக்கு மாற்றலாகி வந்த அன்றே
பழைய டிக்கட் புத்தகம் ஒன்றை மடித்து
அடியில் செருகினேன்.
மூன்று மாரி போய்விட்டது.
புத்தகம் மெலிந்து, கதிரை மறுபடி ஆடுகிறது.

விடிய நாலே முக்கால்.
நேரக்காப்பாளர் ஆதம்பாவா வாசலில் நின்று
குடையை உதறுகிறார்:
"மெடம், பொத்துவில் வண்டிக்கு வைப்பர் வேல செய்யுதில்ல.
மறுகா, கண்டக்டர் பொடியன் போன நிப்பாட்டிட்டான்.
மறுகா, கிட்டங்கியில தண்ணி ரோட்டுக்கு மேல."

இந்தப் பக்கம் தொல்லைகள் தனியே வருவதில்லை.
மறுகா என்ற கொக்கியில் ஒன்றையொன்று பிடித்துப்
பெட்டி பெட்டியாக வரும்.
கல்முனைக்கு ரயில் இல்லை என்று சொன்னது யார்?

கடல் வந்த கதையும் சண்டைக் கதையும்
இந்தச் சுவர்களில் இன்னும் ஈரமாக இருக்கின்றன.
அவற்றுக்கு அழலாம்.
ஆட்கள் வந்து பாய் விரித்துப் பக்கத்தில் இருப்பார்கள்.
ஒரு வைப்பருக்காக
யார் வந்து பக்கத்தில் இருப்பது?

கொழும்பிலிருந்து சிங்களத்தில் ஒரு கடிதம்,
நேற்றைக்குள் பதில் கேட்டு.
டீசல் கணக்கில் பன்னிரண்டு லீற்றர்
எங்கேயோ ஆவியாகிவிட்டது.
புது வண்டி யாருக்கு என்று
கோணாமலையும் நிசாம்டீனும் மூன்று நாளாய்ப் பேசுவதில்லை;
ஏச்சை மட்டும் என்னிடம் தந்து
அடுத்தவருக்குக் கொடுத்தனுப்புகிறார்கள்.

ஐப்பசியில் ஒரு நாள் கத்திவிட்டேன்.
காரணம், கிழிந்த ஓட்டப் பதிவேடு. ஒரே ஒரு தாள்.
டிலுக்ஷன் கிரீஸ் கையைக்
காற்சட்டையில் துடைத்துக்கொண்டு போனான்.
அதற்குப் பிறகு அன்று முழுக்க
ஒருவரும் என் அறைக்கு வரவில்லை.
சூடு ஆறாத தேத்தண்ணியை
முதல் தடவையாகக் குடித்தேன். என்ன நிம்மதி.

பின்னேரம் தெரிந்தது:
அரைகுறைப் பிரேக்கோடு நாவிதன்வெளி வண்டியை
முதலாம் கியரில், பள்ளிப் பிள்ளைகள் நிறைய,
பாலத்தால் உருட்டி வந்திருக்கிறார் கோணாமலை.
"ஏன் சொல்லல்ல?"
"நீங்க கோவத்தில இருந்தீங்க, மெடம்."

அன்றிரவு நித்திரையில்
யாரும் மறுகா சொல்லாத ஒரு டிப்போ வந்தது.
கழுவித் துடைத்த வண்டிகள்
ஒரு நிமிடமும் பிந்தாமல், வரிசையாக
வாவிக்குள் இறங்கிக்கொண்டிருந்தன.

இப்போது தலைக்குள் சூடேறினால்
குழாயடிக்குப் போய்க் கோப்பையைக் கழுவுகிறேன்.
கழுவின கோப்பையை இன்னொரு தரம்.
"மெடம் கோப்ப கழுவுறா" என்று
வேலைத்தளத்துப் பொடியன்கள் கொஞ்சம் விலகி நிற்பார்கள்.
சிரிக்கிறார்கள் என்றும் தெரியும்.
நிற்கட்டும். ஐந்து நிமிடம். அதற்குமேல் போனால்
நானே கூப்பிட்டுவிடுவேன்.

கொழும்புக் கடிதத்தை மேசையின் இடது மூலையில் வைக்கிறேன்.
அந்த மூலைக்குப் பெயர், மறுகா பாப்பம்.
சொல் ஒன்றுதான். அவர்கள் சொன்னால் வண்டி கோர்க்கும்,
நான் சொன்னால் கழற்றும்.
டீசல் கணக்கை மட்டும் அந்த மூலைக்கு விட ஒண்ணாது.
அது மடியிலேயே இருக்கிறது.

கழித்துப் போட்ட வண்டியிலிருந்து
டிலுக்ஷன் ஒரு வைப்பரைப் பிடுங்கி வந்தான்.
நீளம் போதாது. ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியில்
விசிறி அளவு உலகம் தெரிந்தால் போதுமாம்.
போதாது என்றேன். இன்னொன்று தேடினான்.
பொத்துவில் வண்டி பத்தொன்பது நிமிடம் பிந்தி வெளிக்கிட்டது.
பத்தொன்பது என்றே எழுதினேன்.

ஆதம்பாவா இன்னும் நிற்கிறார்.
"மறுகா?" என்று இந்த முறை நான் கேட்கிறேன்.
கூரையைப் பார்க்கிறார், விரல் மடிக்கிறார்,
"மறுகா... ஒண்டுமில்ல மெடம்.
தேத்தண்ணி ஆறுது."